மேசையும் பாட்டிலும்

"கொண்டாட்டமா? இதுல எங்கேம்மா இருக்கு கொண்டாட்டம்? நல்லா பாருங்க."

ஓவியப் போட்டியின் நடுவர் இப்படிக் கேட்டதும், கண்காட்சிக்கூடத்தின் உரிமையாளரான அம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. முதல் பரிசுக்குத் தேர்வான க்யூபிசப் படம் அவர்கள் எதிரே சாய்ந்து நின்றது. ஒரு மேசை, பாட்டில், தட்டு, டம்ளர்கள். உடைந்த கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பெரும்பாலும் துண்டு துண்டாக இருந்தன. வரைந்தவர் பெயரைப் போட்டி விதிப்படி நடுவருக்குத் தெரியாமல் மறைத்திருந்தார்கள்.

"பாட்டில், டம்ளர்னு இருந்ததால விருந்தோன்னு நினைச்சுட்டேன் சார்."

"விருந்துன்னா சாமானெல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி நிக்கும். இங்க தட்டும் டம்ளரும் பாட்டிலை விட்டு ஓரத்துக்கு ஓடுது. உடையாம முழுசா இருக்கறது பாட்டில் மட்டும்தான்."

"அட, ஆமா!"

"மேசையைப் பாருங்க. மேல்பக்கமும் தெரியுது, அடியில அடிச்ச ஆணியும் தெரியுது. இந்தப் பாணியில ஒரு பொருளைப் பல பக்கத்துலேர்ந்து காட்டுவாங்க. சரி, மேசையோட அடிப்பக்கத்தை யாரு பார்த்திருப்பா?"

அம்மாள் யோசித்தார். "கீழே போய் ஒளிஞ்ச குழந்தை..."

"அதேதான். படம் முழுக்கச் சாம்பலும் பழுப்பும். பின்னால ஜன்னல் திரையை இழுத்து மூடியிருக்கு. அக்கம்பக்கத்துல தெரிஞ்சா மானம் போயிடுமேங்கற தவிப்பு. பயத்தைவிட அவமானம்தாம்மா இதுல அதிகம்." அவர் குரல் உயர்ந்தது. "குடிச்சுட்டு வந்து ஒரு குழந்தையை இப்படிக் கூனிக் குறுக வெச்சவன் எல்லாம் மனுஷனா? அந்த ஆளை என் முன்னாடி நிறுத்துங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"மெதுவா சார். வரைஞ்ச பொண்ணு வெளியிலதான் உக்காந்திருக்கா. கேட்டா சங்கடப்படுவா."

"அவ எதுக்குச் சங்கடப்படணும்? கூப்பிடுங்க. என் கையாலயே பரிசு தரணும்."

அம்மாள் கதவைத் திறந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டவளாய், தலையைக் குனிந்தபடி ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள்.

"வாம்மா..." என்று எழுந்த நடுவர், சட்டென்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, நீங்கதான் நடுவர்னு சத்தியமா எனக்குத் தெரியாது," என்றாள் அவள். "தெரிஞ்சிருந்தா இதை அனுப்பியிருக்கவே மாட்டேன். நீங்க குடியை விட்டுத்தான் எவ்வளவோ வருஷமாச்சே."