கடுகு சாரின் வீடியோ கால்

“அந்த ஆளோட போனை மட்டும் பழைய இன்டர்நெட் லைன்ல தள்ளி விட்டுடும்மா. தன்னால அடங்குவார்” என்றார் மேனேஜர்.

அந்த ஆள், கணக்குப் பிரிவு கடுகு சார். யார் என்ன கேட்டாலும் பட்டென்று வெடிப்பதால் ஆபீஸே சேர்ந்து வைத்த பெயர். அப்பேர்ப்பட்டவர் கொஞ்ச நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில், பழைய ஃபைல்கள் கிடக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ காலில் சிரித்துப் பேசுகிறார்.

“வீட்டம்மாகிட்டகூட அப்படிச் சிரிச்சிருக்க மாட்டார்” என்றாள் ரிசப்ஷன் பெண். “அதுவும் தினம் ஒரு குரல் கேக்குது சார்!”

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். “இந்த வயசுல இவருக்கு ஏன் இந்த வேலை? அதுவும் ஆபீஸ் லைன்ல!”

மேனேஜர் வேலை சொன்னது நெட்வொர்க் பார்க்கும் பெண்ணிடம். ஆபீஸின் நெட்வொர்க் மொத்தமும் அவள் கையில். ரூட்டர் ராணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளுக்கு இது ஊதித் தள்ளுகிற வேலை.

“செஞ்சிடலாம் சார். சாதாரணமா ரூட்டர், டேட்டா எங்க போகணும்னு மட்டும்தான் பார்க்கும். யார்கிட்டேர்ந்து வருதுன்னும் பாருன்னு ஒரு பாலிசி எழுதிட்டா போதும். நாம எல்லாரும் புது லைன்ல பறப்போம். அவர் மட்டும் கட்டை வண்டி.”

“அவருக்குத் தெரிஞ்சிடாதே?”

“போனைத்தான் திட்டுவார்.”

கடுகு சாரின் போனுக்கு நெட்வொர்க்கில் மாறாத ஒரு முகவரி கொடுத்தாள். அந்த முகவரியிலிருந்து வருவதெல்லாம் பழைய லைனில்தான் போகவேண்டும் என்று ஒரு விதி எழுதி ரூட்டரில் மாட்டினாள். வேலை முடிந்தது. தன் சாமர்த்தியத்தை நேரில் பார்க்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

மதியம், ஏதோ வயரைத் தேடுகிறவள் மாதிரி லேப்டாப்பும் கையுமாக ஃபைல் அறைக் கதவைத் தள்ளினாள்.

கடுகு சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகமெல்லாம் வியர்வை. போனிலிருந்து ஒரு பெண் குரல்.

“இப்ப இந்தப் பக்கம் ஆட்டறேன் சார். பார்க்கறாளா?”

“இல்லைம்மா...”

“அந்தப் பக்கம்?”

“அசையலையேம்மா.”



அவள் எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு கைக்குழந்தை. அதன் முகத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் பொம்மை பிடித்த ஒரு கை.

“யார் சார் இவங்க?”

“தெரியாதும்மா.” போனின் மைக்கைப் பொத்திக்கொண்டார். “கண் தெரியாதவங்க உதவிக்குக் கூப்பிடற ஆப் இது. உதவறேன்னு பேர் கொடுத்தவங்கள்ல யார் சும்மா இருக்காங்களோ அவங்களுக்கு அடிக்கும். மருந்துப் பேரைப் படிச்சுச் சொல்லுவேன், சட்டை என்ன கலர்னு சொல்லுவேன். இன்னிக்கு இப்படி ஒண்ணு... புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குமே பிறவியிலேருந்து பார்வை இல்லை. குழந்தைக்காவது இருக்கான்னு பார்த்துச் சொல்லச் சொல்றாங்க. டாக்டர்கிட்ட காட்ட நாள் இருக்காம், அதுவரைக்கும் மனசு தாங்கலையாம். சொந்தக்காரங்க நல்லதாத்தான் சொல்லுவாங்க, யாரோ ஒருத்தர்னா உள்ளதைச் சொல்லுவாங்கன்னு...” திரையை அவள் பக்கம் திருப்பினார். “கண்ணை அசைக்கவே இல்லைம்மா அந்தக் குழந்தை.”

“கடைசியா ஒரு தடவை ஆட்டறேன் சார்” என்றது குரல்.

திரையில் குழந்தையின் கண் அசையவில்லை. பொம்மை பிடித்த கையும் அசையவில்லை.



“சார், அசையாதது குழந்தை இல்லை சார், படமே நின்னு போயிருக்கு! நான்தான்... உங்க போனை நான்தான் பழைய லைன்ல தள்ளி விட்டேன்.”

வெடிக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவரோ மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போனிடம் கத்தினார். “அம்மா, நான் சொன்னதை நம்பாதீங்க! இங்க லைன் சரியில்லை!”

“சார்? உங்க குரல் விட்டு விட்டு வருது... பரவாயில்லை சார். உள்ளதைச் சொன்னீங்களே, அது போதும். வெச்சிடறேன்.”

“வைக்காதீங்கம்மா!” அவளைப் பார்த்தார். “வெச்சா போச்சு. நம்பர்கூட வராது. சீக்கிரம்!”

தரையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். எழுதிய விதியை அழித்தாள்.

போன் திரை கறுத்தது. கால் போய்விட்டது என்றே நினைத்தாள்.

பிறகு படம் வந்தது. தண்ணீர் மாதிரி ஓடியது.

சிவப்புப் பொம்மை இடது பக்கம் போயிற்று. குழந்தையின் கண்கள் மெல்லத் திரும்பி, அதன் பின்னாலேயே போயின. வலது பக்கம் போயிற்று. கண்களும் போயின. பொம்மை மேலே ஏற, கண்கள் அதை விடாமல் அண்ணாந்து பார்க்க, பொக்கை வாய் திறந்து ஒரு சிரிப்பு.

கண்ணால் பார்ப்பது உலகத்தில் ஏறக்குறைய எல்லாரும் தூங்கி எழுந்ததும் செய்கிற காரியம்தான். ஆனாலும் இப்படி ஓர் அதிசயத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

“பார்க்கறாம்மா!” கடுகு சார் எழுந்தே நின்றுவிட்டார். “உங்க பொண்ணு நல்லா பார்க்கறா!”

“இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்றது ஓர் ஆண் குரல்.

இன்னொரு தடவை சொன்னார். அங்கே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. கொஞ்சம் அடங்கியதும் அந்தப் பெண் கேட்டாள்:

“சார், உங்க பக்கத்துல யாரோ அழறாங்களே, யாரு?”

கடுகு சார் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எங்க ஆபீஸ் பொண்ணும்மா” என்றார். “லைனைச் சரி பண்ணிக் கொடுத்தவ இவதான்.”