இரண்டாவது பொட்டலம்

அமெரிக்காவில் ஒரு மாரியம்மன் கோயிலுக்குப் பூசாரியாகப் போக எனக்கு விசா வந்தது. எனக்கு மட்டும்.

"ஏனுங்க, பூக் கேட்டுப்போட்டு அப்புறம் போங்க. வெள்ளை வந்தா நான் தடுக்க மாட்டேனுங்க," என்றாள் மனைவி ராசாத்தாள்.

கொடுமுடிப் பக்கம் அது எங்கள் வழக்கம். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே வாழையிலையில் பொட்டலம் கட்டி, அம்மன் முன் வைத்து ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பூசாரியான நானே கட்டினேன். இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன்.

அவள் எடுத்ததில் வெள்ளை இருந்தது. "மகராசனாப் போயிட்டு வாங்க," என்றாள். மற்றதை யாரும் பிரித்துவிடக் கூடாதென்று பாஸ்போர்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் ராசாத்தாள் படுத்த படுக்கையானாள். "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க," என்றாள் போனில். விசா நீட்டிப்புக்கு மனுப் போட்டிருந்தேன். இப்போது கிளம்பினால் திரும்ப வர முடியாது என்றார்கள்.

"அடுத்த மாசம் வாரேன் அம்மணி," என்றேன்.

அவள் அடக்கத்தை வீடியோவில் பார்த்தேன். மறுநாளே நீட்டிப்பு வந்தது. அந்தத் தாளை வைக்கப் பையைத் திறந்தேன். பொட்டலத்தின் இலை சருகாகிப் பொடிந்திருந்தது. உள்ளே சிவப்பு அரளி, அப்போதுதான் பறித்த ஈரத்தோடு இருந்தது.