கால் படாத இடம்

கிருசிகா கொப்பின் பட்டையில் கத்தியை வைத்தாள். தன் முகத்தை ரூடி கண்டுவிடக் கூடாதென்று அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ரூடிதான் பாடன் நகருக்கு வெளியே இந்தக் காட்டுக்குப் பொறுப்பு. ஆறு வருடமாக அவளுக்கு மேலாளர். அந்த ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு உதிர்ந்ததில்லை.

பின்னால் முந்நூறு இளம் ஸ்புரூஸ் ஊசியிலை மரங்கள் ஆளுயரத்துக்கு நின்றன. வேலைக்கு வந்த முதல் வருடம் அவள் கையால் நட்டவை.

முன்னால், காட்டு ஓரத்தில், யாரோ கொட்டிவிட்டுப் போன ஸ்புரூஸ் கொப்புக் குவியல். பட்டையெங்கும் ஊசித் துளைகள். அடியில் கபிலத் தூள்.

பட்டை வண்டு வைகாசியில்தான் கிளம்பும்; வெட்டிய கொப்பின் வாசத்துக்குத்தான் முதலில் வரும். பட்டைக்குள் முட்டையிடும். குஞ்சுகள் இறக்கை முளைத்ததும் பக்கத்து இளமரங்களில் போய் விழும்.

பறந்திருந்தால் முந்நூறும் போச்சு.

எந்த மடையன் கொட்டினான் என்று ரூடி உறுமினார். கிருசிகா குவியலுக்குள் மினுங்கிய சரிகை நாடாவை வந்தவுடனேயே உருவிக் காற்சட்டைப் பைக்குள் திணித்திருந்தாள்.

பட்டை உரிந்தது.

குறுநொய் போல வெள்ளைப் புழுக்கள். ஒன்றுக்கும் இறக்கை இல்லை.

அடுத்த கொப்பிலும் புழு. பத்தாவதிலும் புழுதான்.

இளமரங்களுக்குள் ஓடினாள். தண்டு தண்டாகத் தடவினாள். ஒரு துளை கிடையாது.

ரூடி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சுற்றுவட்டார வண்டெல்லாம் இந்தக் குவியலுக்குள்தான் வந்து விழுந்திருக்கிறது, இதைவிட நல்ல பொறியை நானும் வைத்திருக்க மாட்டேன் என்றார்.

அப்போதுதான் அவள் நாடாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

மத்தியானத்துக்குள் கொப்பு அரைக்கும் மெஷின் வந்து குவியல் முழுவதையும் புழுவோடு சேர்த்து மாவாக்கித் தள்ளியது. சத்தம் அடங்கியதும் வீட்டுக்கு அழைத்தாள்.

“அப்பா, என்ர கலியாணப் பந்தலில சரிகை நாடா கட்டின கொப்பைக் குப்பையில போடக்கூடாது, கால் படாத இடத்திலதான் போடோணும் எண்டு கொண்டுபோனீங்களெல்லே. எங்க போட்டனீங்கள் எண்டு ரூடிக்குத் தெரிஞ்சு போச்சு.”

மறுமுனையில் அப்பா பாலேந்திரன், தண்டம் எவ்வளவு என்று மெல்லக் கேட்டார்.

“தண்டமில்லை அப்பா. தங்கச்சியின்ர கலியாணத்தையும் வைகாசியில வைக்கேலுமோ எண்டு கேக்கிறார்.”