சல்லடைக்கு மேலே நின்ற மணி

காலித் தோட்டாக்களில் மறுபடி அடைப்பதற்காகப் பழைய வெடிமருந்தைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். சல்லடைக்கு மேலே நின்ற மருந்துமணி ஒன்று, கீழே உதிர்ந்த தூளைப் பார்த்து, "இத்தனை நாள் இந்தக் குப்பையோடா கிடந்தேன்!" என்று முகம் சுளித்தது.

"என்னைத் தெரியலையாடா?" என்றது தூள். "டப்பாவுல உன் பக்கத்துலயே கிடந்தவன்தான். ஜீப்பு மலையேறும்போதெல்லாம் என் மேலதானே சாஞ்சுக்குவே? தகரம் உன்னை உரசாம நான்தானே நடுவுல கிடந்து தேஞ்சு தூளானேன்."

அந்தக் குலுக்கலும், ஒன்றாகத்தான் வெடிக்க வேண்டும் என்று இருட்டில் இருவரும் ஆசை ஆசையாகப் பேசிக்கொண்டதும் மணியின் நினைவுக்கு வந்தன. "நானும் வர்றேன்டா!" என்று சல்லடைக் கண்ணில் தலையை நுழைத்தது.

எவ்வளவு முட்டியும் இறங்க முடியவில்லை. அது இன்னும் முழுசாகவே இருந்தது.