மந்திரி எண்ணிய கை

ஓய்வு வயதை இன்னும் இரண்டு வருடம் உயர்த்தலாமா என்று மக்களிடமே கேட்க வந்திருந்தார் மந்திரி. அவர் மேடையில் நிற்கவே இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“நீங்க சொல்றதுதான் சட்டம். உயர்த்தலாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க!”

அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்த பொற்கொடி சட்டென்று தூக்கினாள். போன வருடமே ஓய்வு பெற்றுவிட்ட அவள் கணவர் மாசிலாமணி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள். சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். அடுத்த மாதம் இவளும் வீட்டோடு கிடப்பாள் என்பதுதான் ஒரே ஆறுதல்.

“வேண்டாம்ங்கிறவங்க?”

மாசிலாமணி கையைத் தூக்கினார். தோள்பட்டைப் பிடிப்பு, காதுக்கு மேல் ஏறவில்லை. பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். தினமும் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்புவாள். இப்போதும் அதே பக்குவத்தோடு அவர் முழங்கையைப் பிடித்து மேலே உயர்த்தினாள்.

“நல்லா தூக்குங்க. மந்திரிக்குத் தெரிய வேணாமா?”

“போதும், விடு பொற்கொடி.”

எண்ணி முடிக்கும்வரை அவள் விடவில்லை.