கட்டைவிரல் மின்சாரம்

சன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடியாயிற்று. மேலே மின்விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வகுப்பின் நடுவில் ஒரு சைக்கிள். பின்சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டு போட்டிருந்தது. சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட் டைனமோவுக்கு. டைனமோவிலிருந்து ஒரு வயர், மேசைமேல் இருந்த பல்புக்கு.

சைக்கிள் ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். "இவர் எங்க அப்பா, ஸ்டாண்டைப் பிடிச்சுக்குவார்" என்று அறிவியல் டீச்சர் பிள்ளைகளிடம் சொன்னாள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் தலையாட்டினேன்.

என் உண்மையான வேலை காலடியில் விரித்திருந்த பாய்க்கு அடியில் இருந்தது. அங்கே ஓர் அழைப்புமணிப் பொத்தான். அதன்மேல் என் வலது கால் கட்டைவிரல்.

டைனமோ செத்து இரண்டு நாளாகிறது. கொன்றவன் நான்.

முப்பத்திரண்டு வருடம் அனல்மின் நிலையத்தில் இருந்தவன். ஒருமுறை நான் தும்மியதில் மூன்று மாவட்டங்கள் கண்சிமிட்டின. இதை மறுக்க இன்று யாரும் உயிரோடு இல்லை. பெரிய ஜெனரேட்டர்களைக் கிளப்பும்போது, முதலில் வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் ஊட்டுவோம். தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்புகிற மாதிரி. மகள் வாங்கி வைத்திருந்த டைனமோவையும் அப்படியே, சுவர் பிளக்கில் செருகித் தட்டி எழுப்பினேன்.

ஒரு சுருள் புகை வந்தது. பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

அவளிடம் சொல்லவில்லை. நேற்று மாலை பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து, டைனமோ வயரைப் பார்வைக்கு மட்டும் விட்டுவைத்து உள்முனையைப் பிடுங்கிவிட்டு, சுவர் பிளக்கிலிருந்து பல்புக்குப் பாய்க்கு அடியிலேயே ரகசியமாக ஒரு வயர் இழுத்துவிட்டேன். நடுவில் மின்சாரத்தைத் தணிக்க ஒரு சின்னப் பெட்டி. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும். பிள்ளைகள் மிதிக்கட்டும், நான் அமுக்குகிறேன்.

கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியர். விளக்கு எரிந்தால் பக்கத்து அறை சோதனைக்கூடம் ஆகும். எரியாவிட்டால் அங்கே டேபிள் டென்னிஸ் மேசை வரும். அவருக்கு டேபிள் டென்னிஸ் உயிர். என் மகள் அந்த அறைக்காக மூன்று வருடமாக மனு எழுதுகிறாள்.

முதலில் பீப்பாய் என்று பட்டப்பெயர் கொண்ட பையன் ஏறினான். மிதித்தான். நான் அமுக்கி முடிப்பதற்குள்ளேயே விளக்கு எரிந்துவிட்டது.

அனுபவம் என்றால் சும்மாவா? நினைத்தாலே போதும்.

அடுத்து நூல் என்கிற பெண். "ஏய் நூலு, மெதுவாடி, மிதிக்கிற வேகத்துல அறுந்துடப் போற!" என்றான் பீப்பாய். அவளுக்குச் சரியாக மிதிக்க வரவில்லை. விளக்கும் மினுக்மினுக்கென்றது. நான் உயிரைக் கொடுத்து அமுக்கியும் பலனில்லை. இந்தப் பக்கம் சப்ளை மட்டம். எங்கள் காலத்தில் இப்படி விடமாட்டோம்.

"இந்த ஒரு விளக்குக்கு நீங்க இவ்வளவு வியர்க்கணும்" என்றாள் மகள். "வீட்டுல சுவிட்சைத் தட்டுறப்ப நமக்குப் பதிலா எங்கயோ நிலக்கரி எரியுது. அந்தப் புகை எங்கயும் போயிடலை. மேலயே போர்வை மாதிரி படுத்துக்கிட்டு, சூட்டை வெளிய விடாம வச்சிருக்கு."

சக்கரம் ஊம் ஊம் என்று தாலாட்டியது. மஞ்சள் வெளிச்சத்தில் பிள்ளைகளின் முகங்கள் தொட்டி மீன்களைப் போல மிதந்தன. அண்ணாந்து பார்த்தேன். கூரைக்குக் கீழே புகை படுத்திருந்தது.

எல்லாம் என் புகைபோக்கியில் போனதுதான். எனக்கு அடையாளம் தெரியாதா? அதோ, நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்துப் புகை, கொஞ்சம் இளைப்பாக. இதோ, இவள் பிறந்த அன்றைக்கு விட்டது. அது மட்டும் நகர்ந்து வந்து இவள் தலைக்குமேல் நின்றது. நான் அதனிடம் போ போ என்று கண்ணைக் காட்டினேன். போகவில்லை.

"எல்லாம் சரிம்மா" என்று தலைமை ஆசிரியரின் குரல் என்னை எழுப்பியது. "மெயினை அணைச்சிட்டு ஒரு தடவை பார்த்துடுவோமா?"

என் கட்டைவிரல் ஜில்லிட்டுப்போயிற்று.

"தாராளமா சார்" என்றாள் மகள்.

அவர் எழுந்து, கதவோரம் இருந்த பெட்டியைத் திறந்து, பெரிய சுவிட்சைக் கீழே தள்ளினார்.

மின்விசிறி ஒரு சுற்று, இரண்டு சுற்று, நின்றது. சுவர் பிளக்கின் சிவப்புப் புள்ளியும் அணைந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

திறந்து பார்த்தேன். நூல் பல்லைக் கடித்து மிதித்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தலைமை ஆசிரியர் விளக்கைப் பார்த்தார். பிறகு, டேபிள் டென்னிஸுக்கு விடை கொடுப்பவரைப் போல மெல்லக் கைதட்டினார்.

மகள் என் பக்கம் வந்தாள். பாயின் ஓரத்தைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தாள். அவள் விரல்கள் ஐந்திலும் பிளாஸ்திரி. காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டேன் என்று காலையில் சொல்லியிருந்தாள். இப்போது பிளாஸ்திரியின் ஓரத்தில், தலைமுடியைவிட மெல்லிசாக, ஒரு துண்டுச் செப்புக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது. டைனமோவுக்குள் சுருளாகச் சுற்றி வைக்கிற கம்பி.

அவளுடைய கைப்பையிலிருந்து என் ரகசிய வயர் அழகாகச் சுருட்டப்பட்டு எட்டிப் பார்த்தது.

"காலை எடுத்துடுங்கப்பா" என்றாள் காதோடு. "காலையிலேர்ந்து மரத்துப்போயிருக்கும்."

நான் எடுக்கவில்லை. எடுத்து, விளக்கு அணைந்துவிட்டால் யார் பதில் சொல்வது?