போட்டு வாறன்

சிட்னியின் நார்த்மீட்டில் எனக்குப் பக்கத்து வீடு சிவாஜினி. அவள் கணவர் போன சீசனில் பேஸ்பால் ஆடும்போது, மூன்றாவது பேஸில் மயங்கி விழுந்து இறந்துபோனார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி அந்த மைதானத்துக்குக் கிளம்பினாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

மூன்று மடக்கு நாற்காலிகளை விரித்தாள். மூன்றாவது யாருக்கென்று நான் கேட்கவில்லை. அதில் கைப்பையை வைத்தாள்.

எனக்குக் கிரிக்கெட்டே புரியாது, இதில் பேஸ்பால் வேறு.

"மூண்டு பேஸையும் தொட்டுச் சுத்தி ஓடி, வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வரவேணும். அதுக்குப் பேர் ஹோம்," என்றாள்.

பந்து இன்னும் வீசப்படவில்லை. மூன்றாவது பேஸில் யாரும் இல்லை. காற்றும் இல்லை. அங்கிருந்து ஹோம் வரை செம்புழுதி ஒரே கோடாக எழும்பி வந்தது. நடுவர் குனிந்து பார்த்தார். வந்து சேர்ந்தாயிற்று என்று இரண்டு கைகளையும் விரித்தார். ஸ்கோர்போர்டில் ஒரு ரன் கூடியது.

"யாருமே ஓடலையே, சிவாஜினி?"

"ஓம். போட்டு வாறன், திரும்பி வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே அண்டைக்கு வெளிக்கிட்டவர்."

அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலி நாற்காலியின் துணி மெல்ல, ஓர் ஆள் கனத்துக்குத் தாழ்ந்தது.